கியாந்தி மலைப்பக்கம் சைக்கிள்ல போகணுமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. சொந்த ஊர் சேலம், இப்ப பொழப்பு மியூனிக்ல. இத்தாலில டஸ்கனி இருக்குல்ல, அதுல ஃப்ளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவுல ஒரு மலைப்பக்கம், முழுக்க திராட்சைத் தோட்டம், மேட்டுக்கு மேடு ஒரு சின்ன ஊர். அங்க இதுவரைக்கும் நாலு தடவ சைக்கிள்ல பையெல்லாம் கட்டிட்டு சுத்திருக்கேன். ஃபோட்டோ போட்டதுலேருந்து ஆளாளுக்கு தனித்தனியா கேக்குறாங்க, அதான் மொத்தமா இங்கயே உக்காந்துட்டேன். முதல்ல ஒண்ணு, எழுத்துக்கூட்டிப் பாத்தா சியாண்டின்னு தான் வரும், ஆனா அந்த ஊர்ல கியாந்தின்னு சொல்லணும். சியாண்டின்னு சொன்னா சிரிப்பாங்க, திட்டமாட்டாங்க.

கே: அண்ணா நானும் சேலம் தான். வாரா வாரம் ஏற்காடு ஏறுறேன். இருபது ஹேர்பின்னையும் நிக்காம ஏறிடுவேன். கியாந்தி எனக்கு ஈஸியா இருக்குமா?

ப: வாங்க நம்மாளு. இந்தக் கேள்விய தான் நானும் முதல் தடவ போறதுக்கு முன்னாடி எனக்குள்ளயே கேட்டேன், ஃபூன்னு நினைச்சுட்டு போனேன், ரெண்டாவது நாளே நாக்கு தள்ளிடுச்சு. ஏன்னு சொல்றேன். ஏற்காடு ஒரே ஏத்தம். அடிவாரத்துல ஒரு கியர போட்டா, ஒரு தாளத்துல மூச்ச வச்சுக்கிட்டா, மேல போய் டீ குடிச்சுட்டு இறங்கி வரலாம். கியாந்தில அப்டி கிடையாது. எந்த ஊரும் உயரமே இல்ல, கஸ்தெல்லினா 580 மீட்டர், ராத்தா 530 மீட்டர், கிரேவே வெறும் 240 மீட்டர் கிட்ட. மேப்ல பாத்தா இதென்ன மலையாங்கற மாதிரி இருக்கும். ஆனா ஒரு ஊர்லேருந்து அடுத்த ஊருக்கு போக முதல்ல ஓடை வரைக்கும் இறங்கணும், அப்புறம் ஏறணும், மறுபடி இறங்கணும், மறுபடி ஏறணும். 50 கிமீக்கு 1000 மீட்டர் ஏத்தம் அங்க சர்வ சாதாரணம். அதாவது ஏற்காட்ட பதினஞ்சு துண்டா வெட்டி வழி பூரா போட்டு வச்ச மாதிரி, ஒவ்வொரு துண்டையும் ஏறி சம்பாதிச்சத அடுத்த இறக்கத்துல தொலைச்சுட்டு மறுபடி ஏறணும். சில இடத்துல 10, 12 சதவீதம், அதுவும் 15 கிலோ லக்கேஜோட. அதனால கிலோமீட்டர் கணக்க விட்டுடுங்க, ஏத்தம் எத்தன மீட்டர்னு மட்டும் பாருங்க. நம்ம ஊர் சமவெளில 100 கிமீ போறவரு அங்க ஒரு நாளைக்கு 45, 50ன்னு வச்சா தான் சாயங்காலம் சாப்பிட தெம்பு இருக்கும். உங்க ஃபிட்னஸுக்கு 60 போலாம், அதுக்கு மேல ஆசப்படாதீங்க.

கே: சரி எல்லா ஊரையும் எதுக்கு மேட்டு மேலயே கட்டி வச்சானுங்க? கீழ கட்டிருந்தா நமக்கு வசதியா இருந்திருக்கும்ல

ப: ஹாஹா, ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கடைசி 3 கிமீ ஏறும்போது நானும் இதைத்தான் கேட்டேன். காரணம் சண்டை. ஃப்ளோரன்ஸும் சியேனாவும் தனித்தனி குடியரசா இருந்து நூத்துக்கணக்கான வருஷம் அடிச்சுக்கிட்டாங்க, இந்த மலை தான் நடுவுல மாட்டின எல்லை. 1555ல சியேனா விழுற வரைக்கும் ஓயல. அதனால ஒவ்வொரு ஊரும் ஒரு கோட்டை, கோட்டைன்னா மேட்டுல தான இருக்கும். கஸ்தெல்லினால மதில ஒட்டி கல்லால மூடின சுரங்கம் மாதிரி ஒரு தெரு இன்னமும் இருக்கு, வெயில்ல போனா சைக்கிள நிறுத்திட்டு உள்ள நடங்க, ஏசி போட்ட மாதிரி இருக்கும்.

இந்த எல்லை பத்தி அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கதை இருக்கு. சண்டை போட்டு அலுத்துப்போய் ரெண்டு ஊரும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்களாம், விடிகாலைல சேவல் கூவுனதும் ரெண்டு பக்கத்துலேருந்தும் ஒரு குதிரைக்காரன் கிளம்பணும், ரெண்டு பேரும் எங்க சந்திக்கிறாங்களோ அது தான் எல்லை. சியேனாக்காரங்க ஒரு வெள்ளைச் சேவல எடுத்து நல்லா தீனி போட்டு கொழுக்க வச்சாங்க. ஃப்ளோரன்ஸ்காரங்க ஒரு கருப்புச் சேவல பட்டினி போட்டு அடைச்சு வச்சாங்க. பசில அது விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கத்திடுச்சு, அவங்க ஆளு பாதி வழிக்கு மேல வந்துட்டான், சியேனா வாசலுக்கு கொஞ்ச தூரத்துல ஃபோந்தெருத்தோலிங்கற இடத்துல தான் எதிராளிய பாத்தானாம். அதனால கியாந்தி கிட்டத்தட்ட முழுசும் ஃப்ளோரன்ஸுக்கு போச்சு. கதை தான், நடந்துச்சான்னு சாட்சி கேக்காதீங்க. ஆனா இன்னைக்கும் கியாந்தி கிளாசிகோ பாட்டில் கழுத்துல ஒட்டிருக்க கருப்புச் சேவல் அது தான். ஃபோந்தெருத்தோலி கஸ்தெல்லினாலேருந்து சியேனா இறங்குற ரோட்டு மேலயே இருக்கு, ரெண்டு நிமிஷம் நின்னுட்டு போங்க.

கே: ஏழு நாள் லீவு கிடைக்கும். ரூட் சொல்லுங்க ப்ரோ, மேப்ல போட்டுக்கறேன்

ப: ஃப்ளோரன்ஸ்ல ஆரம்பிங்க. முதல் நாள் கிரேவே மட்டும், 30 கிமீ. ஊர விட்டு வெளிய வரும்போது போந்தே அ ஏமான்னு ஒரு இடம் வரும், ஜீனோ பார்த்தாலி பிறந்த ஊர், அங்க ஒரு சைக்கிள் மியூசியம் இருக்கு, திறந்திருந்தா விடாதீங்க. 1938லயும் 1948லயும் டூர் த பிரான்ஸ் ஜெயிச்ச மனுஷன், நடுவுல பத்து வருஷ இடைவெளி. அந்த இடைவெளில உலகப்போர் நேரத்துல சைக்கிள் ஃப்ரேம் குழாய்க்குள்ள போலி அடையாள பேப்பர ஒளிச்சு வச்சு ட்ரெய்னிங் போற மாதிரி ஓட்டிட்டு போய் யூதர்கள காப்பாத்த உதவி பண்ணாரு, உயிரோட இருந்தவரைக்கும் அத வெளிய பெருசா பேசவே இல்ல. இந்த ரோட்ல தான் அவரு ப்ராக்டிஸ் பண்ணிருப்பாருன்னு நினைச்சுக்கிட்டே ஏறுனா கால் வலி கொஞ்சம் மறக்கும்.

ரெண்டாவது நாள் கிரேவேலேருந்து பன்ஸானோ, அங்கேருந்து வொல்பாயா வழியா ராத்தா. தூரம் கம்மி, ஆனா ஏத்தம் ஜாஸ்தி. வொல்பாயா ஒரு குட்டிக் கல் ஊரு, தெருவுக்கு அடியில ஒயின் குழாய் ஓடுது. மூணாவது நாள் ராத்தா, கயோலே, ப்ரோலியோ கோட்டை, சியேனா. நாலாவது நாள் சியேனாலயே கால ஆறப்போடுங்க. அஞ்சாவது நாள் க்ரேத்தே வழியா அஷானோ, அங்கேருந்து மோந்தே ஒலிவேத்தோ மடம் பாத்துட்டு புவோன்கொன்வெந்தோ. இந்தப் பக்கம் திராட்சை காணாம போய் மொட்டைக் களிமண் குன்றா கோதுமை வயலா மாறிடும், வேற கிரகம் மாதிரி. ஆறாவது நாள் மொந்தல்சீனோ, இங்க தான் எச்சரிக்கை, புவோன்கொன்வெந்தோ 150 மீட்டர்ல இருக்கு, மொந்தல்சீனோ 560க்கு மேல, 14 கிமீக்குள்ள ஏறணும், காலைலயே கிளம்பிடுங்க. ஏழாவது நாள் பியென்ஸா, மொந்தெபுல்சியானோ, அங்கேருந்து கியூசி ஸ்டேஷனுக்கு இறங்கி ட்ரெயின். ஏழாவது நாள் நீளம், முடியலன்னா பியென்ஸாலயே தங்கிடுங்க, பெக்கோரீனோ சீஸ் சாப்பிட்டுட்டு தூங்கலாம்.

முக்கியமா ஒண்ணு. ஃப்ளோரன்ஸ் சியேனா ஃபோர்லேன் ரோடு ஒண்ணு இருக்கு, அதுல சைக்கிளுக்கு அனுமதி இல்ல. மேப்ல கார் மோட்ல போட்டீங்கன்னா நேரா அங்க தான் கொண்டு போய் விடும். பழைய கியாந்தி ரோடு 222ஆம் நம்பர், அது தான் நம்ம ரோடு. ஞாயித்துக்கிழமை மட்டும் அதுல மோட்டார்பைக் கூட்டம் பறக்கும், அன்னைக்கு சின்ன ரோட்டுக்கு மாறிடுங்க.

கே: என்ன சைக்கிள், என்ன கியர்? என்கிட்ட இருக்கறது ரோடு பைக், முன்னாடி 50/34 பல்லு, பின்னாடி 11-28 பல்லு, 25 எம்எம் டயர்

ப: முன்னாடி இருக்கறது ஓகே. பின்னாடி 28 லக்கேஜோட பத்தாது, முட்டி போயிடும், 34 பல்லு இருக்க கேசட்டா (பின் சக்கரத்து பல் சக்கரக் கொத்து) மாத்துங்க, செயின மாத்தற டிரெய்லியர் ஏத்துக்குமான்னு கடைல கேட்டுட்டு. டயர் தான் பெரிய விஷயம். கியாந்தில பாதி அழகு தார் ரோட்ல இல்ல, ஸ்த்ராதே பியாங்கேங்கற வெள்ளை மண் ரோட்ல தான் இருக்கு. அந்த மலையில சுண்ணாம்புக்கல் ஜாஸ்தி, அத நொறுக்கிப் போட்ட ரோடு, காஞ்சா பவுடர் மாதிரி வெள்ளைப் புழுதி. இறக்கத்துல குறுக்க வரிவரியா மேடு பள்ளம் விழுந்திருக்கும், 25 எம்எம்ல போனா பல்லு கழண்டுடும். 35லேருந்து 40 எம்எம் டயர், காத்து கொஞ்சம் கம்மியா வச்சுக்குங்க. டிஸ்க் பிரேக் இருந்தா நிம்மதி, இல்லன்னா புது பிரேக் கட்டை ஒரு செட் பையில போட்டுக்குங்க. உங்க ஃப்ரேம்ல 35 நுழையலன்னா வாடகைக்கு கிராவல் பைக் எடுத்துடுங்க, அதான் நல்லது.

வாடகைன்னதும் ஞாபகம் வருது, ரெண்டாவது தடவ நான் ஒரு கடைல எடுத்த சைக்கிள்ல பின் பிரேக் கட்டை தேஞ்சு இரும்பு தெரிஞ்சுது, நான் அத பாக்காமலே கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்துட்டேன், பன்ஸானோ இறக்கத்துல தான் தெரிஞ்சுது. எடுக்கும்போதே பிரேக்க அழுத்திப் பாருங்க, செயின திருப்பிப் பாருங்க, ஒரு ரவுண்டு ஓட்டுங்க. வெக்கப்படாதீங்க.

கே: எனக்கு குடிப்பழக்கம் இல்ல. ஒயின் ஊருக்கு போய் நான் என்ன பண்றது? வீட்லயும் ஒயின்ஷாப் ஊருக்கு டூரான்னு கேக்குறாங்க

ப: நம்மூர்ல ஒயின்ஷாப்புங்கற வார்த்தை பண்ணி வச்ச வேலை இது, வீட்ல சொல்லி புரிய வைக்கறது கஷ்டம் தான். அங்க அது விவசாயம்ங்க. நம்ம கரும்பு, மஞ்சள் மாதிரி. நீங்க போய் பாக்க வேண்டியது தோட்டத்த. செப்டம்பர் கடைசிலேருந்து அக்டோபர் பாதி வரைக்கும் சாஞ்ஜோவேசே திராட்சை அறுப்பு, ரோட்டோரம் குலை குலையா தொங்கும், ட்ராக்டர் ட்ராலில புளிச்ச வாசனையோட உங்கள தாண்டி போகும். அந்த சீசன்ல பேக்கரில திராட்சைய அப்படியே மாவுல போட்டு சுட்ட ஒரு ரொட்டி வரும், ஸ்கியாச்சாத்தா அல்லூவான்னு பேரு, ஒரு துண்டு வாங்கி பாக்கெட்ல வச்சுக்கிட்டா அடுத்த ஏத்தத்துக்கு எரிபொருள். நவம்பர் பக்கம் போனா ஆலிவ் எண்ணெய் புதுசா ஆட்டுவாங்க, பச்சைப் பசேல்னு, தொண்டைல லேசா காரம் நிக்கும். நம்ம ஊர் செக்கு நல்லெண்ணெய் வாசனைக்கு பழகினவங்களுக்கு அது ரொம்ப பிடிக்கும். எண்ணெய் மட்டும் டேஸ்ட் பண்ணணும்னு சொன்னா தோட்டத்துல சந்தோஷமா ரொட்டியோட குடுப்பாங்க, யாரும் உங்கள வற்புறுத்த மாட்டாங்க.

கே: எனக்கு அந்தப் பிரச்சன இல்ல 😄 ஒரு நாளைக்கு எத்தன தோட்டத்துல டேஸ்ட் பண்ணலாம்?

ப: ஒண்ணு. ஓட்டி முடிச்சப்புறம். சட்டம் சைக்கிளுக்கும் உண்டு, ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம் தான் லிமிட், சைக்கிள் தானேன்னு விடமாட்டாங்க. அத விடுங்க, மத்தியானம் ரெண்டு கிளாஸ் உள்ள போச்சுன்னா வெயில்ல அடுத்த ஏத்தத்துல நெஞ்சு அடிக்கறது காதுல கேக்கும், மண் ரோட்டு இறக்கத்துல பிரேக் பிடிக்கற நேரம் தப்பும். டேஸ்டிங்ல துப்பறதுக்குன்னே ஒரு கிண்ணம் வைப்பாங்க, அதுல துப்பறது மரியாதைக்குறைவு இல்ல. முன்னாடியே சொல்லி வச்சுட்டு போங்க, திடீர்னு வேர்வையோட போய் நின்னா பெரிய தோட்டங்கள்ல இடம் இருக்காது.

லேபிள்ல வெறும் கியாந்தின்னு இருந்தா அது டஸ்கனில வேற பல இடத்துலேருந்தும் வரும், கியாந்தி கிளாசிகோன்னு இருந்தா தான் இந்த ஒரிஜினல் மலை. 1716லயே மூணாவது கோசிமோங்கற டியூக் இந்த எல்லைய போட்டு உத்தரவு குடுத்துட்டாரு. கிளாசிகோல சாஞ்ஜோவேசே கொறஞ்சது 80 சதவீதம் இருக்கணும். ரிசெர்வான்னா 24 மாசம் வச்சு வெளிய விட்டது. பாட்டில் வாங்கி பையில கட்டாதீங்க, ஒண்ணே ஒன்னேகால் கிலோ வரும், அனுப்பி வைக்க சொல்லுங்க.

கே: அண்ணா, நான் பலெர்மோவில இருக்கிறன், யாழ்ப்பாணம். மனுசனும் ரெண்டு பிள்ளையளும், சின்னவனுக்கு எட்டு வயசு. பிள்ளையளோட கியாந்தி ஓடலாமோ?

ப: வேண்டாம் அக்கா, உண்மைய சொல்லிடறேன். எட்டு வயசுப் பையன் ரெண்டாவது மேட்டுல சைக்கிள போட்டுட்டு உக்காந்துடுவான், அவன் மேல தப்பில்ல. ஆனா பக்கத்துலயே உங்களுக்குன்னே ஒரு பாதை இருக்கு, சென்தியேரோ தெல்லா போனிஃபிகா, அரெஸ்ஸோலேருந்து கியூசி வரைக்கும் 62 கிமீ, ஒரு பழைய வாய்க்கால் கரையோரமாவே போகும், மேடே கிடையாது, கார் கிடையாது. ஒரு காலத்துல அந்த பள்ளத்தாக்கு முழுக்க கொசுவும் மலேரியாவும் பிடிச்ச சதுப்பு, வாய்க்கால் வெட்டி தண்ணிய வடிச்சு நிலமாக்குனாங்க. ரெண்டு முனையிலயும் ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. மூணு நாளா பிரிச்சு போங்க, மேல மொந்தெபுல்சியானோ தெரியும், அத பஸ்ல போய் பாத்துட்டு வந்துடலாம். பெரியவனுக்கு மீசை முளைச்சதும் கியாந்தி கூட்டிட்டு போங்க.

கே: நான் சுத்த சைவம், முட்டையும் இல்ல. பட்டினியா?

ப: நம்ம ஆளுங்க நினைக்கற அளவுக்கு மோசமில்ல. டஸ்கனி சாப்பாடே ஏழை விவசாயி சாப்பாடு தான், பழைய ரொட்டிய வீணாக்காம பண்ணது. ரிபொல்லீத்தான்னு பீன்ஸ், கருப்பு முட்டைக்கோஸ், ரொட்டி எல்லாம் போட்டு கொதிக்க வச்ச கெட்டி சூப். பாப்பா அல் பொமொதோரோ, தக்காளியும் ரொட்டியும், கிட்டத்தட்ட நம்ம கூழ் பதம். சியேனா பக்கம் பீச்சின்னு கையால உருட்டின தடி நூடுல்ஸ், பூண்டு தக்காளி சாஸோட. மாவுல முட்டை இருக்கா, சூப்புல மாட்டு எலும்புத் தண்ணி ஊத்திருக்காங்களான்னு ஒவ்வொரு தடவயும் கேட்டுடுங்க, பாஸ்தா ஃப்ரெஸ்கான்னா பெரும்பாலும் முட்டை உண்டு. ரொட்டில உப்பே இருக்காது, மறந்துட்டாங்களோன்னு நினைக்காதீங்க, அங்க அப்படித்தான். ஊறுகா பாட்டில் ஒண்ணு கொண்டு போனேன், அந்த உப்பில்லாத ரொட்டிக்கு அது செம.

பெரிய சிக்கல் நேரம். பன்னெண்டரை ஒரு மணிக்கு கடைய மூடுனா சாயங்காலம் நாலு வரைக்கும் ஊரே தூங்கும். ஹோட்டல்ல ராத்திரி ஏழரைக்கு முன்னாடி அடுப்பு பத்தாது. காலைலயே பழம், ரொட்டி, சீஸ் வாங்கி பையில போட்டுக்கணும். பில்லுல கொப்பெர்தோன்னு ஆளுக்கு ரெண்டு மூணு யூரோ சேரும், ஏமாத்தறாங்கன்னு சண்டை போடாதீங்க, உக்காந்ததுக்கான காசு அது.

கே: எந்த மாசம்?

ப: மே, ஜூன் முதல் பாதி, இல்லன்னா செப்டம்பர், அக்டோபர். ஜூலை ஆகஸ்ட்ல 35 டிகிரிக்கு மேல போகும், நமக்கு பழக்கம் தானேன்னு தோணும், நிழல் இல்லாத மேட்டுல ஏறிப்பாருங்க தெரியும். ஜூலை 2, ஆகஸ்ட் 16 ரெண்டு நாளும் சியேனால பாலியோ குதிரைப் பந்தயம், அந்த சமயம் ரூம் கனவுல கூட கிடைக்காது.

கே: விசா?

ப: ஷெங்கன் டூரிஸ்ட் விசா தான், 180 நாள்ல 90 நாள் வரைக்கும். 30,000 யூரோவுக்கு குறையாம மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேணும், அதுல சைக்கிள் ஆக்சிடென்ட் சேருமான்னு படிச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

கே: எங்க தாத்தாவோட ராலே சைக்கிள் இன்னும் ஓடுது. அங்க பழைய சைக்கிள் ரேஸ் ஒண்ணு நடக்குமாமே, அதுல கலந்துக்கலாமா?

ப: எரோய்கா! கயோலேல நடக்கும், அக்டோபர் முதல் ஞாயிறு. 1997ல 92 பேரோட ஆரம்பிச்சது. வெள்ளை மண் ரோட்டெல்லாம் வரிசையா தார் போட்டுட்டே வந்தாங்க, அத காப்பாத்தணும்னு தான் இந்த யோசனையே. ரேஸ் இல்ல, யாரும் நேரம் எடுக்கமாட்டாங்க. 1987க்கு முன்னாடி செஞ்ச ரேஸிங் சைக்கிளா இருக்கணும், கியர் மாத்தற குச்சி ஃப்ரேம் குழாய்ல இருக்கணும், பிரேக் கேபிள் வெளிய தொங்கணும், கம்பளி ஜெர்சி போட்டுட்டு வருவாங்க. தாத்தாவோடது பால்காரர் சைக்கிள் மாடல்னா அந்த ரேஸிங் கணக்குல வராது, அதுவும் 209 கிமீ நீள ரூட்ல அந்த ஒத்த கியர வச்சு ஏறுனா தாத்தாவே கனவுல வந்து திட்டுவாரு. விடிகாலை இருட்டுல ப்ரோலியோ கோட்டைக்கு ஏறுற மண் ரோட்டுல ரெண்டு பக்கமும் விளக்கு ஏத்தி வச்சிருப்பாங்க, கார்த்திகை மாதிரி. நான் கலந்துக்கல, ஓரமா நின்னு பாத்தேன். அந்த ரூட் முழுக்க நிரந்தரமா போர்டு வச்சிருக்காங்க, அதனால வருஷத்துல எந்த நாளும் எந்த சைக்கிள்லயும் நீங்களா ஓட்டிக்கலாம். அந்த வாரம் மட்டும் ரூம் தேடாதீங்க.

அந்த ப்ரோலியோ கோட்டை தான் கியாந்தி ஒயினோட பொறந்த வீடுன்னே சொல்லலாம். ரிக்காசோலி குடும்பம், 1141லேருந்து அங்க. பெத்தீனோ ரிக்காசோலின்னு ஒருத்தர் இத்தாலி ஒண்ணான கையோட ரெண்டாவது பிரதமரா இருந்தாரு, அவரு தான் எந்த திராட்சைய எதோட கலக்கணும்னு பல வருஷம் பரிசோதன பண்ணி 1872ல ஒரு லெட்டர்ல எழுதி வச்சாரு, அது தான் ரொம்ப காலம் ஃபார்முலா.

கே: ஸ்த்ராதே பியாங்கேன்னு அந்த மண் ரோட்டு பேர்லயே நடக்கற ப்ரொஃபெஷனல் சைக்கிள் ரேஸ்ல பொகாச்சார் தனியா பறந்தாரே, அந்த ரோட்ல நாம போலாமா?

ப: தாராளமா, பொது ரோடு தான். மோந்தே சாந்தே மரியே, அஷானோ பக்கத்துல, 11.5 கிமீ மண் ரோடு. 2024ல ஃபினிஷுக்கு 81 கிமீ இருக்கும்போதே அங்க தான் அடிச்சு தூக்குனாரு, அப்புறம் யாரும் அவர பாக்கல. அந்த ரேஸ மூணு தடவ ஜெயிச்ச கான்செல்லாரா பேர அந்த ரோட்டுக்கு வச்சு ஒரு கல்லும் நட்டிருக்காங்க. நமக்கு அங்க பறக்கல்லாம் வேணாம், விழாம இருந்தா போதும்.

மழை பெஞ்சிருந்தா மட்டும் போகவே போகாதீங்க. மூணாவது தடவ நான் போனேன். முந்தின ராத்திரி மழை, காலைல வெயில் அடிச்சதும் காஞ்சிருக்கும்னு நினைச்சேன். அது களிமண்ணுங்க, நம்ம வண்டல் மண் சேறு மாதிரி டயர்ல சுத்திக்கிட்டு மட்கார்டுக்குள்ள அடைச்சு, 2 கிமீல சக்கரமே நின்னுடுச்சு. குச்சி ஒடிச்சு நோண்டி நோண்டி எடுத்து, அஞ்சு கிமீ தோள்ல தூக்காத குறையா தள்ளிட்டு வந்தேன். அஷானோல ஒரு பாட்டி என்னையும் சைக்கிளையும் ஒரு பார்வை பாத்துட்டு ஒண்ணும் பேசாம தோட்டத்து ஹோஸ் பைப்ப கையில குடுத்தாங்க. சியேனால ரேஸ் முடியற சாந்தா கத்தெரீனா தெரு 16 சதவீதம், அதையும் ஏறிப் பாக்கணும்னா விடிகாலைல போங்க, கூட்டம் வந்துட்டா எல்லார் முன்னாடியும் இறங்கி தள்ள வேண்டி வரும்.

கே: தம்பி, எனக்கு 61 வயசு, ரிட்டயர்டு. மனைவிக்கு 57. ரெண்டு பேருக்கும் லேசா மூட்டு வலி உண்டு. ஆசை இருக்கு, தைரியம் இல்ல.

ப: சார், உங்களுக்குன்னே தான் இ-பைக் வந்திருக்கு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கிளம்புங்க. 25 கிமீ வேகம் வரைக்கும் மோட்டார் உதவும், அதுக்கு மேல நம்ம கால் தான். மேட்டுல உங்க வேகம் எப்பவும் அதுக்கு கீழ தான் இருக்கும், அதனால ஏத்தம் பூரா அது கூட வரும். நான் சொன்ன ஏத்தக் கணக்கு உங்களுக்கு பேட்டரிக் கணக்கு, கிலோமீட்டர வச்சு பேட்டரி போதும்னு நினைச்சா நடு மேட்டுல நின்னுடும், 25 கிலோ சைக்கிள தள்ளறது இன்னும் கொடுமை. குறைஞ்ச பவர்லயே வச்சு ஓட்டுங்க, மதியம் சாப்பிடற இடத்துல சார்ஜ் போட கேளுங்க. ஒரே ஊர்ல நாலு நாள் தங்குங்க, ராத்தா நல்ல நடு இடம், தினம் ஒரு பக்கம் சுத்திட்டு லக்கேஜ் இல்லாம திரும்பி வரலாம். அம்மாவையும் தனி சைக்கிள்லயே விடுங்க சார், பின்னாடி உக்கார வைக்கற ஐடியா இருந்தா மறந்துடுங்க.

கே: தங்கறதுக்கு அக்ரிதுரிஸ்மோன்னு போட்ருக்கே, அது ஹோட்டலா?

ப: விவசாயி வீடு. உண்மையிலேயே நிலம் வச்சு விவசாயம் பாக்கறவங்க தான் நடத்தணும்னு 1985லயே சட்டம் போட்டாங்க. இதுக்குப் பின்னாடி ஒரு சோகமும் இருக்கு. அங்க நிலமெல்லாம் பண்ணையார்கிட்ட, உழவன் குடும்பத்தோட அந்த கல் வீட்ல இருந்து பாடுபட்டு வெளச்சல்ல பாதிய குடுத்துடணும், நம்ம ஊர் வாரக் குத்தகை மாதிரியே தான். போருக்கு அப்புறம் 1950, 60கள்ல ஜனங்க கூட்டங்கூட்டமா நிலத்த விட்டுட்டு ஃபேக்டரி வேலைக்கு போயிட்டாங்க, வீடெல்லாம் பாழடைஞ்சு கிடந்துச்சு. அந்த வீடுகள்ல பலதுல தான் இன்னைக்கு நாம காசு குடுத்து தங்கறோம். ரூம் புக் பண்ணும்போது ரெண்டு கேள்வி கட்டாயம் கேளுங்க. ஊர்லேருந்து எவ்ளோ தூரம், ராத்திரி சாப்பாடு உண்டா. ஏன்னா ஃபோட்டோல அழகா இருக்கும், போய் பாத்தா ஊருக்கு கீழ 4 கிமீ இறக்கத்துல இருக்கும், ராத்திரி சாப்பிட மறுபடி இருட்டுல ஏறணும். எனக்கு நடந்துச்சு, அன்னைக்கு ராத்திரி சாப்பாடு பையில இருந்த முறுக்கு தான்.

கே: ட்ரெயின்ல சைக்கிள் ஏத்த விடுவாங்களா?

ப: ரீஜினல் ட்ரெயின்ல ஏத்தலாம், சைக்கிளுக்கு தனியா டிக்கெட், நான் எடுத்தப்ப 3.50 யூரோ. ஹைஸ்பீட் ட்ரெயின்ல கழட்டி பையில போட்டா தான் உண்டு. ஃப்ளோரன்ஸ் சியேனா ட்ரெயின் இருக்கு, ஒன்றரை மணி நேரம். ஆனா கிரேவே, ராத்தா, கயோலே, கஸ்தெல்லினா எதுக்குமே ரயில் கிடையாது, நடுவுல சைக்கிள் உடைஞ்சா டாக்ஸி தான். சியேனா ஸ்டேஷன் ஊருக்கு கீழ பள்ளத்துல இருக்கு, அங்கேயும் கடைசில ஒரு ஏத்தம், விடாது கருப்பு.

கே: அண்ணா, நான் தனியா போற பொண்ணு. சேஃபா? நாய் தொல்லை இருக்கா?

ப: தனியா போற நிறைய பொண்ணுங்கள வழியில பாத்திருக்கேன்மா, ஊரெல்லாம் சின்னது, பார்ல காபி குடிக்கற பெரியவங்க எங்கேருந்து வர்றன்னு விசாரிப்பாங்க, அவ்ளோ தான். எமர்ஜென்சி நம்பர் 112. தெரு நாய் நம்ம ஊர் மாதிரி கிடையாது. க்ரேத்தே பக்கம் ஆட்டு மந்தைக்கு காவலா பெரிய வெள்ளை நாய் இருக்கும், அது விளையாட்டு இல்ல, மந்தைய பாத்தா சைக்கிளலேருந்து இறங்கி, சைக்கிள உனக்கும் நாய்க்கும் நடுவுல வச்சு மெதுவா நடந்து போ, ஓட்டி தப்பிக்க நினைக்காத.

நாய விட முக்கியம் வேட்டை. செப்டம்பர் மூணாவது ஞாயிறுலேருந்து ஜனவரி கடைசி வரைக்கும் வேட்டை சீசன், காட்டுக்குள்ள போற மண் ரோட்ல டமால்னு கேக்கும். செவ்வாயும் வெள்ளியும் சட்டப்படி நாடு முழுக்க வேட்டைக்கு லீவு, காட்டு ரூட்ட அந்த ரெண்டு நாள்ல போட்டுக்கோ. மத்த நாள்ல பளிச்சுனு ஆரஞ்சு கலர் மேல போட்டுக்கோ. அந்த பளபளக்கற வெஸ்ட் ஒண்ணு எப்படியும் வேணும், ஊருக்கு வெளிய சூரியன் மறைஞ்சு அரை மணி நேரத்துக்கு அப்புறமும், டனலுக்குள்ளயும் சைக்கிள்காரங்க போட்டே ஆகணும்னு அங்க சட்டம்.

கே: கடைசியா ஒண்ணு, பெடல்ல பூட்டிக்கிற கிளீட் ஷூவா சாதா ஷூவா?

ப: கிளீட்னா மவுண்டன் பைக் மாடல், அடில கட்டை உள்ள பதிஞ்சிருக்கறது. ரோடு ஷூவோட சியேனா கல் தெருவுல நடந்தா ஐஸ் மேல மாடு நடந்த மாதிரி இருக்கும். நான் இப்பல்லாம் சாதா ஷூ தான், எப்படியும் நாளைக்கு ரெண்டு மேடாவது இறங்கி தள்ளுறேன்.